காற்றில் போன பெயின்ட்

காரைக்கால் மாதிரி கடலோர ஊரில் இரும்பு கேட்டுக்கு ஆயுசு கம்மி. உப்புக்காற்று கிரில்லையும் ஷட்டரையும் விடாமல் தின்கிறது. அதனால் திரும்பத் திரும்ப பெயின்ட் அடித்தாக வேண்டும். பிரஷ் பிடித்தால் ரெண்டு நாள் வேலை. கம்ப்ரெஸ்ஸரும் ஸ்பிரே கன்னும் வந்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் கடற்காற்றுக்கு எது கேட், எது தெரு என்று தெரியாதே. நாலு வீடு தள்ளி நிற்கிற பிஒய் 02 நம்பர் கார் தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். பானெட்டைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும்.

இதற்குப் பெயர் ஓவர்ஸ்பிரே. யோசித்தால் காரைக்காலே அப்படி விழுந்த ஒரு துளிதான். புதுச்சேரியிலிருந்து நூற்றுமுப்பது கிலோமீட்டர் போல தள்ளி, 1739-ல் தஞ்சாவூர் மண்ணுக்குள் விழுந்த பிரெஞ்சு வண்ணம். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி அது முழுசாகக் கழற்றப்பட்டது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். சரி, காருக்கு வருவோம்.

பெயின்டை மேகமாக்கி வீச வேண்டும் என்ற யோசனை அவசரத்தில் பிறந்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிரம்மாண்டமான கட்டடங்கள் எழும்பிவிட்டன, வெள்ளையடிக்க நாள் இல்லை. வண்ணப் பொறுப்பிலிருந்த ஓவியர் ஃபிரான்சிஸ் டேவிஸ் மில்லெட், அழுத்திய காற்றைக் கொண்டு குழாய் வழியாகப் பெயின்டைப் பீய்ச்ச வைத்தார். வேலை முடிந்தது, அந்த இடத்துக்கு 'வெள்ளை நகரம்' என்றே பெயர் வந்தது. தூரிகையோடு வாழ்ந்த ஓர் ஓவியர்தான் தூரிகை இல்லாத பெயின்டிங்கைப் பெரிய அளவில் செய்து காட்டினார் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. அவர் 1912-ல் டைட்டானிக் கப்பலோடு போனார்.

கையில் பிடிக்கிற கன் வேறு வழியாக வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோவில் ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு டாக்டர். நோயாளிகளின் தொண்டைக்கு மருந்தைத் துளித்துளியாக அனுப்ப 1880-களின் கடைசியில் ஒரு கருவி செய்தார். அதே தத்துவத்தில் 1907-ல் அவர் மகன் தாமஸ் பெயின்ட் கன்னைக் கொண்டுவந்தார். தொண்டைக்குச் செய்த சாமான் என்பதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

அதுவரை காருக்குக் கையால் வார்னிஷ் பூசினார்கள். ஒரு பூச்சு காய்ந்து, தேய்த்து, அடுத்தது பூசி முடிப்பதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும். 1923-ல் டூபாண்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'டூக்கோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை இறக்கினார்கள். வெடிமருந்துத் தொழிலின் பங்காளிப் பொருள் அது. சட்டென்று காயும், அதனால் பிரஷ்ஷை விட கன்னுக்குத்தான் தோது. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. இன்றைக்கும் மர பீரோ செய்கிற ஆசாரியிடம் 'டூக்கோ ஃபினிஷ்' கேட்கிறோமே, அந்த டூக்கோதான் இது.

வேகத்துக்கு விலை இருந்தது. பழைய மாதிரி கன்னில் அடிக்கிற பெயின்டில் மூன்றில் ஒரு பங்குதான் பொருள்மேல் நிற்கும். மிச்சம் காற்றுக்கு. பின்னால் வந்த குறைந்த அழுத்த கன்கள் 65 சதவீதம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கின்றன, ஆனால் தெருவில் கேட் அடிக்க வருகிறவரிடம் பெரும்பாலும் பழசுதான் இருக்கும்.

காற்றில் போன துளி வழியிலேயே பாதி காய்ந்துவிடுகிறது. அதனால் காரின் பூச்சோடு கலக்காமல், மேலே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கழற்ற முடியும் என்பதற்கு இதுதான் காரணம். பார்த்தவுடன் நம் ஆட்கள் தேடுவது தின்னரை. பழைய லாக்கர் வண்டியில் தின்னர் வைத்தால் துளியும் போகும், வண்டியின் பெயின்டும் போகும். லாக்கர் எத்தனை வருஷம் கழித்தும் தின்னரில் கரையும். இப்போதைய வண்டிகளில் மேலே கிளியர் கோட் இருக்கிறது. அதுவும் நாற்பது ஐம்பது மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ரப்பிங் காம்பவுண்ட் போட்டு அழுத்தித் தேய்த்தால் துளிக்கு முன்னால் இது தேய்கிறது.

சரியான பதில் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே பட்டறைக்காரர்கள் பிசைகிற களிமண் மாதிரி ஒரு பொருளால் துளியை எடுத்தார்கள். தடாவோ கொடாதே என்பவர் அதற்கு 1990-களில் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். இன்று கிளே பார் என்று விற்கிறார்கள். பேர்தான் களிமண், உள்ளே இருப்பது இளகிய பிளாஸ்டிக்கும் மிக நைசான உராய்பொடியும்.

வேலை ரொம்ப லேசு. வண்டியை முதலில் நன்றாகக் கழுவ வேண்டும், நிழலில் நிறுத்த வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, நீளவாக்கில் முன்னும் பின்னுமாக ஓட்ட வேண்டும், அழுத்தக் கூடாது. துளி மேடாக நிற்பதால் களிமண் அதை மட்டும் பிடுங்கிக்கொள்ளும். முதலில் கரகரவென்று சத்தம், அப்புறம் வழவழப்பு. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புதுப்பக்கம் எடுக்கணும். போனதா என்று பார்க்க, விரலை மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டுத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத துளிகூட உறைக்கும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் எடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். காரைக்கால் தரையெல்லாம் மணல், அது பெயின்டை விடக் கடினம். முடிந்ததும் வாக்ஸ் போட வேண்டும், பழைய வாக்ஸும் களிமண்ணோடு வந்திருக்கும். ஒரு காருக்கு ஒரு பொழுது போய்விடும். கேட்காரர் மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொருத்தர் விரல் கொடுத்துக் கட்டுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் காருக்காகச் சண்டை போடுகிறார்கள். அந்த மேகத்துக்குள் காலையிலிருந்து நிற்கிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிங்கரிங் பட்டறைகளில் இப்போது கார்களுக்கு அடிப்பது ஹார்டனர் கலந்த டூ-கே பெயின்ட். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வர வைக்கும் பொருள் என்று மருத்துவம் வெகுநாளாக அறிந்தது. ஒருமுறை உடம்பு அதற்குப் பழகி ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு ரொம்பக் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். முகத்தில் கட்டுகிற துண்டு பெரிய துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதற்கு வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். டிவில்பிஸ் டாக்டரின் கருவி தொண்டைக்கு அனுப்பியது மருந்தை. அந்த அண்ணன் தொண்டைக்கு இன்று போவது காரில் ஒட்டாத மிச்சம்.