ஒன்றரை மணி நேரத் தூரம்

கனடாவின் வட கோடியில் ரெசலூட், கிரீஸ் ஃபியோர்டு என்று இரண்டு சின்ன ஊர்கள் இருக்கின்றன. இரண்டிலும் இனுயிட் மக்கள் வாழ்கிறார்கள். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர். ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கிரீஸ் ஃபியோர்டைச் சுற்றி மலை, முன்னால் கடல். ஓடுபாதை வெறும் சரளைக்கல், நீளம் 500 மீட்டர் அளவுதான். பெரிய விமானம் இறங்க வழியில்லை. மேகம் இறங்கிவிட்டால் சின்ன விமானமும் வராது.

இந்த ஊர்கள் தானாக உண்டானவை அல்ல. 1953-ல் கனடா அரசு, கியூபெக்கின் வடக்கே உள்ள இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து சில குடும்பங்களைக் கப்பலேற்றி அங்கே கொண்டுபோனது. சுமார் 2000 கிலோமீட்டர் பயணம். அங்கே வேட்டை நிறையக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த ஆளில்லாத தீவுகள் தன்னுடையவை என்று காட்ட அரசுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்பதுதான் உள்காரணம் என்று பலரும் சொல்கிறார்கள்.

எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கப்போகிறோம் என்று நம்பித்தான் கப்பலேறினார்கள். வடக்கே போன பிறகுதான் பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு பகுதியினர் எல்ஸ்மியர் தீவில் இறக்கப்பட்டார்கள். மற்றவர்கள் ரெசலூட்டுக்குப் போனார்கள். சொந்தபந்தம் அங்கே பாதி, இங்கே பாதி. நடுவில் டெவன் தீவும் உறைந்த கடலும்.

இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் தினமும் சூரியன் உதிக்கும். புது இடத்திலோ நவம்பர் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே கிடையாது. முதல் குளிர்காலத்தைத் துணிக்கூடாரத்தில் கழித்தார்கள். பறவை முட்டை, பழம் என்று பழகிய உணவு இல்லை. கஸ்தூரி எருதை வேட்டையாடவும் தடை. ரெசலூட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் கௌசுயித்துக், அதாவது விடியாத இடம். கிரீஸ் ஃபியோர்டு அவர்களுக்கு அவுயூயித்துக், பனி உருகாத இடம்.

இரண்டு வருடம் போயிற்று. திரும்ப அழைத்துப்போக யாரும் வரவில்லை. மாறாக 1955-ல் இன்னும் சில குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள்.

1980-களின் இறுதியில்தான் விரும்பியவர்கள் ஊர் திரும்ப அரசு செலவை ஏற்றது. அதற்குள் 35 வருடம் ஓடிவிட்டது. இளைஞராக வந்தவர்கள் தாத்தா பாட்டி ஆகியிருந்தார்கள். வடக்கிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அதுதான் சொந்த ஊர். பெரியவர்கள் சிலர் கிளம்பினார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கிவிட்டார்கள். முதல் பிரிவு அரசு செய்தது. இரண்டாவது பிரிவை அந்தக் குடும்பங்கள் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் கொடுமையாகப் படுகிறது.

1996-ல் 1 கோடி கனடா டாலரில் ஒரு நிதி அமைக்கப்பட்டது. அரசின் மன்னிப்பு 2010 ஆகஸ்டில்தான் வந்தது. கப்பலேறியவர்களில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

இன்றும் கிரீஸ் ஃபியோர்டிலிருந்து இனுக்ஜுவாக்குக்கு நேரடி விமானம் கிடையாது. முதலில் ரெசலூட், அடுத்து இக்கலூயிட், அங்கிருந்து தெற்கே இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். வானிலை ஒத்துழைத்தாலும் நாள் கணக்கில் ஆகும். டிக்கெட் விலையும் சாமானியருக்கு எட்டாது. பாட்டியைப் பார்க்கப் பேரன் போக வேண்டுமென்றால் வழி இதுதான்.