மாணிக்க ஒளிர்வு அழுத்த அளவீடு

மாணிக்கக் கல்லின் மீது பச்சை அல்லது நீல ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பின் அலைநீளத்தைக் கொண்டு கல்லின் மேல் விழும் அழுத்தத்தைக் கணக்கிடும் முறை மாணிக்க ஒளிர்வு அழுத்த அளவீடு. அழுத்தப்படும் இடத்துக்குள் கம்பியோ குழாயோ முள்ளோ போக வேண்டியதில்லை. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒளி மட்டுமே. உயர் அழுத்த இயற்பியலில் 1970-களிலிருந்து மிகப் பரவலாகப் பயன்படும் அளவுகோல் இது.

கல்லும் பெயரும்

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். அலுமினியம் ஆக்சைடான அந்தக் கனிமத்தை உலகம் ‘கொரண்டம்’ என்கிறது. தமிழின் ‘குருந்தம்’ என்ற சொல்லே கடல் கடந்து இப்படி ஆனது. இரத்தினக் கற்களைச் சாணை பிடிக்க நம் ஊர்க் கைவினைஞர்கள் பயன்படுத்திய அதே குருந்தம்தான்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், தமிழ் பேசும் வடகரப்பதி போன்ற ஊர்கள் உள்ள பகுதியிலிருந்து காவிரிக்கரை நோக்கி நீளும் பாறைப் பட்டையைப் புவியியலாளர்கள் பாலக்காடு–காவிரிப் பெயர்ச்சி மண்டலம் என்பார்கள். பூமியின் ஆழத்தில் பேரழுத்தத்தில் வெந்த பாறைகள் இங்கே மேலே வந்து கிடக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெண்பாறைக்குள் சிவந்த குருந்த மணிகள் பதிந்திருப்பதைக் காணலாம். அழுத்தத்தில் பிறந்த கல்லே அழுத்தத்தை அளக்கும் கருவியாகியிருப்பது இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ஆய்வகங்களில் பயன்படுவது பெரும்பாலும் செயற்கை மாணிக்கம்தான். அதில் குரோமியத்தின் அளவு எவ்வளவு என்பது திட்டமாகத் தெரிந்திருக்கும்.

ஒளிர்வின் காரணம்

தூய குருந்தம் நிறமற்றது. அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் புகுந்தால் கல் சிவக்கும். ஒவ்வொரு குரோமிய அயனியையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும். பச்சை ஒளியை வாங்கிக் கிளர்ந்த அயனி, சில மில்லிநொடிகளில் சிவப்பு ஒளியை உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. நிறமாலையில் இது 692.8, 694.2 நானோமீட்டரில் இரண்டு கூர்மையான கோடுகளாகத் தெரியும். அழுத்தம் ஏற ஏற ஆக்சிஜன்கள் குரோமியத்தை நெருங்குகின்றன, ஆற்றல் மட்டங்களின் இடைவெளி சற்றுக் குறைகிறது, இரு கோடுகளும் நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்கின்றன. அளக்கப்படுவது இந்த நகர்வுதான்.

அளக்கும் விதம்

1958-இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் உருவான வைரப் பட்டடைக் கலமே இம்முறையின் இருப்பிடம். கொல்லன் பட்டடையில் இரும்பை வைத்து அடிப்பதுபோல், பட்டை தீட்டிய இரு வைரங்களின் முனைகளுக்கு நடுவே பொருளை வைத்து நெருக்குவார்கள். நடுவில் ஒரு உலோகத் தகடு. அதில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே அகலமுள்ள துளை. ஆய்வுப் பொருள், ஒரு சொட்டுத் திரவம், ஒரு மாணிக்கத் துகள் மூன்றும் அந்தத் துளைக்குள் அடங்க வேண்டும். துகளின் அளவு சில மைக்ரான். நுண்ணோக்கியில் பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையில் ஒற்றி எடுத்து வைப்பார்கள். பச்சை லேசர் பட்டதும் அந்தத் துகள் தணல்போல் சிவந்து தெரியும்.

1972-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்மன், பியர்மரினி, பார்னெட், பிளாக் ஆகியோர் இந்த ஒளிர்வால் அழுத்தத்தை அளக்கலாம் என்று காட்டினர். அதற்குமுன் கலத்துக்குள் என்ன அழுத்தம் என்பதை அறிய எக்ஸ்-கதிர்ப் படத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது சில நொடிகள் போதும். 1975-இல் சமையல் உப்பின் படிகம் சுருங்கும் அளவோடு ஒப்பிட்டு, ஒரு கிகாபாஸ்கலுக்கு 0.365 நானோமீட்டர் நகர்வு என்று நிர்ணயித்தார்கள். ஒரு கிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தம். கோடு 694.2-இலிருந்து 697.9-க்கு நகர்ந்தால் உள்ளே சுமார் 10 கிகாபாஸ்கல். மிக உயர்ந்த அழுத்தத்தில் இந்த நேர்விகிதம் வளைந்துவிடுவதால் 1978-இல் மாவோ, பெல் குழுவினர் வேறு சமன்பாடு தந்தனர். 150 கிகாபாஸ்கல் வரைக்குமான சர்வதேசப் பரிந்துரை 2020-இல் வந்தது. பூமியின் மையப் பகுதியும் மூடகமும் சந்திக்கும் ஆழத்தில் நிலவும் அழுத்தமே சுமார் 136 கிகாபாஸ்கல்தான்.

எச்சரிக்கைகள்

சூடேறினாலும் இக்கோடுகள் நகரும். பத்து டிகிரி வெப்ப மாற்றம் 0.2 கிகாபாஸ்கல் அழுத்தம்போலத் தோற்றம் காட்டிவிடும். சமாரியம் கலந்த ஸ்ட்ரான்சியம் போரேட் வெப்பத்துக்கு அவ்வளவு அசைந்துகொடுப்பதில்லை. சூடான ஆய்வுகளுக்கு அதுவே ஏற்றது. துளைக்குள் இருக்கும் திரவம் இறுகினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக விழாது. அப்போது இரு கோடுகளும் அகன்று ஒன்றோடொன்று கலக்கும். நான்கு பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு எத்தனாலும் சேர்ந்த கலவை சுமார் 10 கிகாபாஸ்கல் வரை தாங்கும்.

இந்தியாவில்

இத்துறையினர் விரும்பிப் படிக்கும் கட்டுரை, அ. ஜெயராமன் 1983-இல் வைரப் பட்டடைக் கலம் பற்றி எழுதிய நெடிய திறனாய்வு. திருச்சியில் பிறந்த சி. வி. ராமனுடன் சேர்ந்து பெங்களூரில் ஓப்பல், லாப்ரடொரைட் கற்களின் வண்ண ஒளியை ஆராய்ந்தவர் அவர். பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், கருநிறச் சமாரியம் சல்ஃபைடு சிறிதளவு அழுத்தத்திலேயே பொன்னிறமாக மாறுவதைச் சகாக்களுடன் சேர்ந்து 1970-இல் வெளியிட்டார். கல்லின் ஒளியைக் கூர்ந்து பார்க்கும் ராமன் மரபு அழுத்த ஆய்வுக்குள் வந்ததற்கு ஜெயராமனின் வாழ்க்கையே சான்று. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் வைரக் கலத்தைக் கொண்ட ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயர் அழுத்த ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

ஒளிர்வால் அழுத்தத்தை அளக்கும் இன்னொரு வழி, விமான மாதிரிகளின் மேல் பூசப்படும் அழுத்த உணர் பூச்சு. அது ஆக்சிஜன் ஒளிர்வை மங்கச் செய்வதைப் பயன்படுத்துவது. மெல்லிய காற்றழுத்தத்துக்கே பொருந்தும்.

இம்முறையைப் புதிதாகக் கையாள வரும் மாணவர் ஒன்றை மறக்கக் கூடாது. கலத்தை மூடும் முன், அன்றைய அறை வெப்பத்தில், அழுத்தமில்லாத அதே மாணிக்கத் துகளின் கோட்டை ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.