மூடாத கோட்டின் வரலாறு

கணினியில் முதன்முறையாக வீட்டு பிளான் போடுகிறவர் சந்திக்கும் சிக்கல்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. நான்கு சுவர்க்கோடுகளும் மூலையில் சேர்ந்துவிட்டதாகவே தெரியும், ஆனால் நடுவே தளம் உருவாகாது. தரையில் பதித்த டைல்ஸ், பார்வையைத் திருப்பும்போதெல்லாம் மினுமினுக்கும். வெளிச்சுவர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாத நிறத்தில் நிற்கும். சர்வேயர் கொடுத்த மனைப் படத்தை உள்ளே கொண்டுவந்தால் சுவர்களே நடுங்கும். தனக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். அந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை அவர் பயன்படுத்தும் மென்பொருளைவிட வயதில் மூத்தவை.

மூடாத கோட்டுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1963 ஜனவரியில் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லண்ட், கிளாட் ஷானனின் வழிகாட்டலில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். லிங்கன் ஆய்வுக்கூடத்தின் டிஎக்ஸ்-2 கணினித் திரையில் ஒளிப் பேனாவால் வரைய வழிசெய்த ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரல்தான் அதன் பொருள். மனிதக் கை ஒரு புள்ளியைச் சரியாகத் தொடாது என்பது சதர்லண்டுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஏற்கெனவே உள்ள புள்ளியின் அருகே பேனா வந்தாலே, அந்தப் புள்ளியைத்தான் தொட்டதாக நிரல் எடுத்துக்கொண்டது. இன்று வரைவு மென்பொருள்களில் இருக்கும் ‘ஸ்னாப்’ வசதியின் முன்னோடி இதுதான்.

காகிதத்தில் இந்தத் தொல்லை இல்லை. மூலையில் கோடு சற்றே நீண்டுபோனாலும் குறைந்துபோனாலும் மேஸ்திரி குழம்பமாட்டார். இடைவெளியைக் கண் தானாக மூடிவிடும். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. முடிச்சு விழவில்லை என்றால் அதன் கணக்கில் அங்கே அறையே இல்லை.

அமெரிக்காவின் போல்டர் நகரில் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளை வெளியிட்டபோது இந்தப் பழைய சிக்கல் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது. தரையில் செவ்வகம் வரைந்து மேலே இழுத்தால் சுவர் எழும்பிவிடும் என்ற எளிமைக்காகவே அது புகழ் பெற்றது. 2006இல் கூகுள் அதை வாங்கி இலவசமாகவும் கொடுத்ததும் தச்சரும் ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகளும் வீடு கட்டத் தொடங்கினார்கள். 2012இல் அது டிரிம்பிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் அந்த எளிமைக்குள் ஒரு கறாரான விதி ஒளிந்திருந்தது. கோடுகள் முழுதாக மூடியிருக்க வேண்டும், எல்லாம் ஒரே தளத்திலும் இருக்க வேண்டும். ஒரு மூலை மயிரிழை மேலே ஏறியிருந்தாலும் பரப்பு உருவாகாது.

அதோடு, ஓர் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நெருங்கிய இரண்டு புள்ளிகளை ஸ்கெட்ச்அப் ஒன்றாகவே பாவிக்கும். சதர்லண்ட் கைக்குக் காட்டிய அதே சலுகைதான், சின்ன வேலைப்பாடுகளில் வினையாக முடிகிறது. கதவுக் கைப்பிடியின் நுண்ணிய வளைவுகளை வரைந்தால் சில பரப்புகள் காணாமல் போகும். அனுபவசாலிகள் கைப்பிடியை ஆயிரம் மடங்கு பெரிதாக வரைந்துவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்கிறார்கள்.

அளவு தொடர்பான இன்னொரு வம்பு 1982இலிருந்து வருகிறது. அந்த நவம்பரில் ஜான் வாக்கரும் கூட்டாளிகளும் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளைக் காட்டினார்கள். படத்தில் அது சேமித்தது வெறும் எண்களைத்தான். 144 என்றால் இஞ்சா மில்லிமீட்டரா என்பது வரைந்தவருக்கு மட்டும் தெரிந்த செய்தி. இஞ்சில் வரைந்த பன்னிரண்டு அடி அறையை மில்லிமீட்டர் என்று படித்தால் அது 25.4 மடங்கு சுருங்கி, சாண் அளவுக்குக்கூட வராது.

டைல்ஸ் மினுமினுப்பு யூட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எழுபதுகளில் கணினி வரைகலையின் தலைநகரம் அதுதான். எதன் பின்னால் எது மறைகிறது என்று கணினிக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஏகப்பட்ட தந்திரங்கள் அன்று போட்டியிட்டன. 1974இல் எட் கேட்மல் தன் ஆய்வேட்டில் முரட்டுத்தனமான, ஆனால் நேர்மையான வழி ஒன்றைச் சொன்னார். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும், அங்கே தெரியும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள். புதிதாக வருவது அதைவிட அருகில் இருந்தால் மட்டும் மேலே பூசு. அதே ஆண்டு பெர்லினில் வோல்ஃப்கேங் ஸ்ட்ராஸரும் தனியாக இதே யோசனைக்கு வந்தார். கணினி நினைவகம் யானை விலை விற்ற காலம் என்பதால் இது ஊதாரித்தனமாகத் தெரிந்தது. விலை சரிந்ததும் மற்ற தந்திரங்களை ஓரங்கட்டிவிட்டு எல்லா கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் இதுவே குடியேறியது. கேட்மல் பிறகு பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

இந்த முறையில் தூரத்தைக் குறிக்கக் கிடைக்கும் எண்களுக்கு எல்லை உண்டு. பொதுவாக அவற்றில் பெரும்பகுதி கண்ணுக்கு அருகிலேயே செலவாகிவிடும். தொலைவுக்கு மிச்சமிருப்பவை கொஞ்சம். தளமும் டைல்ஸும் ஒரே மட்டத்தில் கிடந்தால், எது முன்னால் என்பதை ஒவ்வொரு புள்ளியிலும் ஏதோ ஒரு தசமப் பிழைதான் தீர்மானிக்கிறது. பார்வை நகர்ந்தால் தீர்ப்பும் மாறுகிறது. டைல்ஸை ஒரு மில்லிமீட்டர் உயர்த்திப் பார்ப்பவர்கள் உண்டு. கிட்டப் பார்க்கையில் சரியாகிவிடும், தெருக்கோடியிலிருந்து பார்த்தால் மறுபடி மினுங்கும். அடியில் மறையும் பரப்பை நீக்கிவிடுவதே உருப்படியான வைத்தியம்.

நிறம் மாறிய சுவரின் கதை கணினிக்கே முந்தையது. பல முகங்களால் ஆன ஒரு திண்மத்தின் கன அளவை எப்படிக் கணிப்பது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கணித அறிஞர் மோபியஸ் யோசித்தார். ஒவ்வொரு முகத்தையும் ஒரு திசையில் சுற்றிவர வேண்டும். இரண்டு முகங்கள் பகிரும் விளிம்பில் இரண்டும் எதிரெதிராகப் போக வேண்டும் என்பது அவர் கண்ட விதி. எழுபதுகளில் ஸ்டான்ஃபோர்டில் புரூஸ் பௌம்கார்ட் இதைக் கணினிக்கு ஏற்ற தரவமைப்பாக்கினார். ஸ்கெட்ச்அப் வெளிப்பக்கத்தை வெள்ளையாகவும் உள்பக்கத்தை நீலச் சாம்பலாகவும் காட்டுவது இந்த விதி மீறப்பட்டதைக் கண்டுபிடிக்கத்தான். பார்க்க அழகாக இல்லை என்று இரண்டுக்கும் ஒரே வண்ணம் பூசி மறைப்பவர்கள், பிறகு வேறொரு மென்பொருளில் சுவர் மாயமாகும்போதோ கன அளவுக் கணக்கு உதைக்கும்போதோ விழிக்கிறார்கள்.

நடுங்கும் சுவர்தான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கும் பழகிய விஷயம். சர்வே படங்கள் பலவும் யூடிஎம் என்ற வரைபட முறையின் ஆயங்களில் வருகின்றன. அதன்படி ஓர் இடத்தின் வடக்கு அளவு பூமத்தியரேகையிலிருந்து எண்ணப்படுவது; மதுரைக்குச் சுமார் 11 லட்சம் மீட்டர், சென்னைக்குச் சுமார் 14.5 லட்சம். கணினி தசம எண்களை எழுதும் முறை, பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹானின் முயற்சியில் 1985இல் தரப்படுத்தப்பட்டது. அதில் 32 பிட் எண்ணுக்குச் சுமார் ஏழு இலக்கங்கள்தான் நம்பகமானவை. 14 லட்சம் மீட்டர் தொலைவில் அப்படிப்பட்ட இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. நாலரை இஞ்ச் சுவரே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்! ஆட்டோகேட் 64 பிட் எண்களில் சேமிப்பதால் படம் அங்கே பத்திரமாக இருக்கும். அதைத் திரையில் தீட்டும் கிராஃபிக்ஸ் சில்லு பெரும்பாலும் 32 பிட்டில்தான் கணக்குப் போடுகிறது. மனையை ஆதிப் புள்ளிக்கு அருகே நகர்த்திவிட்டு, எவ்வளவு நகர்த்தினோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் நடுக்கம் நின்றுவிடும்.

இவையெல்லாம் கோட்டின் சிக்கல்கள். பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இல் கோட்டையே கேள்வி கேட்டார். ஒரே ஜன்னலைப் பிளானிலும் செக்‌ஷனிலும் எலிவேஷனிலும் தனித்தனியே வரைவதால்தான் முரண்பாடு வருகிறது. கட்டடத்தை ஒரே தரவாக வைத்து, படங்களை அதிலிருந்து எடுக்கலாமே என்றார். 2000இல் வந்த ரெவிட்டும் இன்றைய வீட்டு வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் அந்த யோசனையின் வாரிசுகள். முரண்பாடு குறைந்தது, பதிலுக்கு உறவுச் சிக்கல் வந்தது. கூரையை உயர்த்தினால் மாடிப்படி எகிறும், சுவரை நகர்த்தினால் கதவு அழிந்துபோகும்.

வீடு கட்டும் நிரல்களில் பெரும் வெற்றி கண்ட ஒன்றில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1991 ஓக்லண்ட் தீவிபத்தில் வீட்டை இழந்து, எல்லாவற்றையும் புதிதாக வாங்கி அமைத்த அனுபவத்திலிருந்து வில் ரைட் உருவாக்கிய ‘தி சிம்ஸ்’ விளையாட்டு 2000இல் வெளிவந்தது. அதில் சுவர்கள் கட்டங்களின் மேல் மட்டுமே நிற்கும். சுதந்திரத்தைப் பறித்துக்கொண்டதால் பிழைக்கும் இடமில்லாமல் போனது. தொழில்முறை மென்பொருளால் எடுக்க முடியாத முடிவு அது.

இப்போது வரையும் வேலையே குறைந்துவருகிறது. 2022இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ‘ரூம்பிளான்’, தூரம் அளக்கும் லைடார் உணரி உள்ள போனை ஏந்தி அறையைச் சுற்றி வந்தாலே சுவர், கதவு, சோபா எல்லாவற்றையும் மாடலாக்கிவிடுகிறது. கோடு மூடுகிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஆளுயரக் கண்ணாடிகள், கண்ணாடித் தடுப்புகள், மிக உயரமான கூரை, மிகக் கருத்த பரப்புகள் ஆகியவற்றில் அது தடுமாறக்கூடும் என்று ஆப்பிளே அறிமுகத்தின்போது எச்சரித்திருந்தது.