கணினி விளையாட்டுகளை வைஃபை வழியாகக் கைப்பேசி விஆர் பெட்டியில் விளையாடுவது எப்படி? முழு விவரம்

புதுடெல்லி: இணைய வணிகத் தளங்களில் சில நூறு ரூபாய்க்கே 'விஆர் பாக்ஸ்' எனப்படும் பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. ஸ்மார்ட்போனை அதனுள் செருகி, பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டால் 360 டிகிரி காணொலிகளைக் காணலாம். சில வாரங்களில் அந்தக் காணொலிகள் சலித்துவிட, பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குச் சென்றுவிடுவதே பல வீடுகளில் நடக்கிறது. ஆனால், ஓரளவு திறன்வாய்ந்த கணினி ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதில் இயங்கும் பெரிய விளையாட்டுகளைக் கம்பியின்றி அதே பெட்டிக்குள் கொண்டுவர இயலும். இந்தத் தொழில்நுட்பம் எவ்வாறு இயங்குகிறது, எங்கே தடுமாறுகிறது, இதற்காகப் பணம் செலவிடுவது தகுமா என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

அட்டைப் பெட்டியில் தொடங்கிய கதை

2014 ஜூன் மாதம் நடைபெற்ற கூகுள் ஐ/ஓ மாநாட்டில் 'கார்ட்போர்டு' என்ற மடிப்பு அட்டைப் பெட்டி அறிமுகமானது. பாரிஸில் உள்ள கூகுள் கலாச்சார நிறுவனத்தின் பொறியாளர்கள் டேவிட் காஸ், டேமியன் ஹென்றி ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். இரண்டு லென்ஸ், ஒரு காந்தம், கொஞ்சம் அட்டை. மற்ற அனைத்தையும் கைப்பேசியே செய்துவிடும் என்பதுதான் இதன் எளிய கருத்து. தொடர்ந்து சாம்சங் நிறுவனம் ஆக்குலஸுடன் இணைந்து 'கியர் விஆர்' சாதனத்தையும், கூகுள் 2016-இல் 'டேட்ரீம் வியூ' சாதனத்தையும் வெளியிட்டன. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு ஜியோ நிறுவனம் ரூ.1,299 விலையில் அறிமுகப்படுத்திய 'ஜியோடைவ்' கருவியும் இதே வகையைச் சேர்ந்ததே. ஐபிஎல் போட்டிகளை மைதானத்தில் அமர்ந்து பார்ப்பது போன்ற அனுபவம் என்பதே அதன் விளம்பரமாக இருந்தது.

இவை அனைத்திலும் ஒரு குறை பொதுவானது. கைப்பேசியின் செயலி, கணினியில் உள்ள கிராபிக்ஸ் அட்டைக்கு ஈடாகாது. எனவே, விளையாட்டைக் கணினியே இயக்கட்டும், கைப்பேசி வெறும் திரையாகவும் தலையசைவை அறியும் கருவியாகவும் இருக்கட்டும் என்ற எண்ணம் எழுந்தது. 2016-இல் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஆகியவை விற்பனைக்கு வந்தபோது அவற்றை வாங்க இயலாதவர்களே இந்த முயற்சியை அதிகம் விரும்பினர்.

ஒரு காட்சி கடந்து வரும் பாதை

அணிந்திருப்பவர் தலையை இடப்புறம் திருப்புகிறார் எனக் கொள்வோம். கைப்பேசியில் உள்ள உணரி அந்தத் திருப்பத்தை அளந்து, வைஃபை மூலம் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அந்தக் கோணத்திற்கு ஏற்ற காட்சியை இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்களாக வரைகிறது. லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது படத்தின் ஓரங்கள் வெளிப்புறமாக இழுபடும் என்பதால், அதற்கு நேர்மாறாக முன்கூட்டியே படம் வளைக்கப்பட வேண்டும். இப்பணியைக் கணினியோ கைப்பேசியோ செய்யலாம். பின்னர் படம் சுருக்கப்பட்டு, வைஃபையில் பயணித்து, கைப்பேசியில் விரிக்கப்பட்டுத் திரையில் தோன்றுகிறது.

சுருக்குதல் ஏன் தேவை என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். 1920 x 1080 புள்ளிகள் கொண்ட திரை, புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 படங்கள் எனப் பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் வருகிறது. எந்த வீட்டு வைஃபையும் இதை எளிதில் தாங்காது. ஹெச்.264 போன்ற முறையில் சுருக்கும்போது இது விநாடிக்கு 30 மெகாபிட் அளவுக்கு, அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. கணினியின் மையச் செயலிக்குச் சுமை தராமல் இதைச் செய்ய என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் சில்லுகளில் தனிப் பகுதியையே அமைத்துள்ளன. 2012-க்குப் பின் வந்த பெரும்பாலான கிராபிக்ஸ் அட்டைகளில் இந்த வசதி உண்டு. இத்தொழில்நுட்பம் சாமானியர் வீட்டிற்குள் வந்ததற்கு விஆர் பெட்டியைவிட இந்தச் சில்லுகளே முதன்மைக் காரணம் எனலாம்.

20 மில்லி விநாடி என்ற எல்லைக்கோடு

தலை திரும்பிய கணத்திற்கும் காட்சி மாறிய கணத்திற்கும் இடையே உள்ள தாமதம் சுமார் 20 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது விஆர் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். தொலைக்காட்சியிலோ மடிக்கணினியிலோ விளையாடுபவர் இதைவிடப் பல மடங்கு தாமதத்தையும் பொறுத்துக்கொள்வார். விஆரில் அது இயலாது. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு 'திரும்பிவிட்டாய்' என்கிறது. கண்ணோ 'இன்னும் இல்லை' என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலாகவும் தலைசுற்றலாகவும் வெளிப்படுகிறது.

விநாடிக்கு 60 படங்கள் காட்டும் கைப்பேசியில் ஒரு படம் திரையில் நிற்கும் நேரமே 16.7 மில்லி விநாடி. காட்சியை வரைதல், சுருக்குதல், அனுப்புதல், விரித்தல் என ஒவ்வொன்றுக்கும் சில மில்லி விநாடிகள் கூடும்போது 20 என்ற எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. கணக்கின்படி பார்த்தால் இம்முயற்சி தோற்றிருக்க வேண்டும்.

தோற்காமல் காப்பது ஓர் எளிய தந்திரம். கணினியிலிருந்து வந்த படத்தை அப்படியே காட்டாமல், அது வந்து சேர்வதற்குள் தலை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மீண்டும் அளந்து, அந்த அளவுக்குப் படத்தைக் கைப்பேசியே நகர்த்திக் காட்டுகிறது. இதற்கு 'டைம்வார்ப்' என்று பெயர். புதிய படம் தாமதமானாலும், பார்வை உடனே திரும்பிவிட்டதாகவே மூளை நம்புகிறது. வேகமாகத் தலையைத் திருப்பினால் ஓரத்தில் கருப்புப் பட்டை ஒரு கணம் தோன்றி மறைவதைக் காணலாம். அது பழுது அல்ல, நகர்த்தப்பட்ட படத்தின் விளிம்பு. ஒரு செயலியைத் தேர்வு செய்யும்போது, இந்த வசதி அதில் உள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

எனினும், இத்தந்திரம் தலையின் சுழற்சியை மட்டுமே ஈடுசெய்யும். பொத்தானை அழுத்தியதும் துப்பாக்கி வெடிப்பதில் உள்ள தாமதம் அப்படியே இருக்கும்.

வைஃபையில் கவனிக்க வேண்டியவை

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீட்டு ரவுட்டர்களும், புளூடூத் கருவிகளும், மைக்ரோவேவ் அடுப்பும் அந்த மூன்றைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. இந்த நெரிசலில் ஒரு படம் 50 மில்லி விநாடி தாமதித்தாலும் காட்சி வெட்டுப்படும். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு கட்டாயம். இந்தியாவில் இந்த வரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைக்கற்றையை உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு 2018 அக்டோபரில் வழிசெய்தது. இன்று விற்கப்படும் இரட்டை அலைவரிசை ரவுட்டர்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. சுவரைக் கடக்கும் ஆற்றல் இதற்குக் குறைவு என்பதால், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடுவது நல்லது.

பலரும் தவறவிடும் ஒன்று, கணினியை ரவுட்டருடன் லேன் கம்பி மூலம் இணைப்பது. கணினியும் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு படமும் ஒரே காற்றுவெளியை இருமுறை கடக்க நேரிடுகிறது. விஆர் அனுபவம் சரியில்லை என்று புதிய ரவுட்டர் வாங்கும் முன், குறைந்த விலையில் கிடைக்கும் ஒரு லேன் கம்பியை முயன்று பார்க்கலாம். அதுவும் இயலாவிடில், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்கலாம். கம்பியில்லா வசதி போய்விடும். ஆனால் தாமதம் சீராகும்.

டேட்டா தீர்ந்துவிடுமா?

இது பெரும்பாலோருக்கு எழும் ஐயம். விநாடிக்கு 30 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் விளையாடினால் 13.5 ஜிபி ஆகிறது. ஆனால், இந்தத் தரவு கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையே வீட்டு ரவுட்டருக்குள்ளேயே சுற்றிவருகிறது. இணையத்திற்குச் செல்வதே இல்லை. எனவே இணையத் திட்டத்தில் ஒரு மெகாபைட் கூடக் குறையாது. தொலைவில் உள்ள நிறுவனச் சர்வர்களிலிருந்து விளையாட்டை வரவழைக்கும் கிளவுட் கேமிங் முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஒவ்வொரு ஜிபியும் கணக்கில் சேரும்.

கைரோஸ்கோப் இல்லையேல் ஒன்றும் இல்லை

கைப்பேசி எவ்வளவு வேகமானது என்பதைவிட, அதில் கைரோஸ்கோப் என்ற சுழற்சி உணரி உள்ளதா என்பதே முக்கியம். இந்தியச் சந்தையில் குறைந்த விலையில் விற்கப்படும் பல கைப்பேசிகளில் இந்த உணரி இருப்பதில்லை. அதற்குப் பதிலாக முடுக்கமானி மட்டுமே இருக்கும். திரையை நெடுக்கிலிருந்து கிடைக்குத் திருப்ப அது போதும். தலையசைவை நுட்பமாக அறிய அது போதாது. பெட்டியின் மேல் 'அனைத்து ஸ்மார்ட்போன்களுக்கும் ஏற்றது' என்று அச்சிடப்பட்டிருப்பதை நம்பி வாங்கியவர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர். போன் பெட்டிக்குள் கச்சிதமாகவே பொருந்தியது, காட்சிதான் திரும்பவில்லை. கைப்பேசியின் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் உணரிகள் என்ற தலைப்பின்கீழ் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கைரோஸ்கோப் இருந்தாலும் தலை சுழல்வதை மட்டுமே கைப்பேசி உணரும். குனிவது, முன்னே சாய்வது, ஓரடி நகர்வது ஆகியவற்றை அறியாது. ஆக்குலஸ் ரிஃப்ட், வைவ் போன்ற முழுமையான கருவிகளுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

செயலிகளும் அமைக்கும் முறையும்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு 'டிரைனஸ் விஆர்', போலந்தைச் சேர்ந்த ரிஃப்ட்கேட் நிறுவனத்தின் 'விரிட்ஜ்' ஆகியவை இத்துறையின் முன்னோடிகள். ஐபோன் வைத்திருப்போருக்கு 'ஐவிஆர்ஒய்' உள்ளது. 'ஏஎல்விஆர்' என்ற திறந்த மூல மென்பொருள் தொடக்கத்தில் கியர் விஆர், ஆக்குலஸ் கோ ஆகியவற்றுக்காக எழுதப்பட்டது. சாதாரணக் கைப்பேசிகளுக்கு 'போன்விஆர்' என்ற திறந்த மூலத் திட்டம் உண்டு.

அமைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. கணினியில் ஸ்டீம், ஸ்டீம்விஆர் ஆகியவற்றை நிறுவ வேண்டும். பின்னர் தேர்ந்தெடுத்த மென்பொருளின் ஒரு பகுதியைக் கணினியிலும், மறு பகுதியைக் கைப்பேசியிலும் நிறுவி, இரண்டும் ஒரே ரவுட்டரில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இணைப்பு கிடைக்கவில்லை எனில், விண்டோஸ் ஃபயர்வால் அந்த மென்பொருளைத் தடுத்திருக்கக்கூடும். தனிப்பட்ட நெட்வொர்க்கில் அனுமதி அளித்தால் போதும். தொடக்கத்தில் தெளிவுத்திறனையும் பிட்ரேட்டையும் குறைவாக வைத்து, காட்சி தடையின்றி ஓடுகிறது என்று உறுதியான பின்னர் படிப்படியாக உயர்த்துவதே சரியான முறை.

எந்த விளையாட்டுகள் பொருந்தும்?

அமர்ந்தபடி ஆடும் விளையாட்டுகளே இதற்கு உகந்தவை. 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2', 'அசெட்டோ கோர்சா', 'எலைட் டேஞ்சரஸ்' போன்றவற்றில் வீரர் ஓட்டுநர் இருக்கையில் இருப்பார். தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார். கைகள் ஸ்டியரிங்கிலோ கேம்பேடிலோ இருக்கும். கைப்பேசியால் அறிய இயலாத அசைவுகள் அங்கே பெரிதாகத் தேவைப்படுவதில்லை. மாறாக, 2020-இல் வெளியான 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' போன்ற விளையாட்டுகளில் பொருள்களைக் கையால் எடுத்து, கதவைத் திறந்து, குனிந்து மறைய வேண்டும். அவற்றை இந்தப் பெட்டியில் எதிர்பார்ப்பது வீண்.

காட்சித் தெளிவிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது அவசியம். 1920 x 1080 திரையை இரு கண்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் அகலவாக்கில் 960 புள்ளிகள். அது ஏறத்தாழ 95 டிகிரி பார்வைப் பரப்பில் விரியும்போது டிகிரிக்குப் பத்துப் புள்ளிகளே கிடைக்கின்றன. இயல்பான கண்பார்வை டிகிரிக்குச் சுமார் 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். டிரக்கின் வேகமானியில் உள்ள எண்கள் மங்கலாகத் தெரிந்தால் லென்ஸைத் துடைத்துப் பயனில்லை.

வெப்பமும் உடல்நலமும்

திரை முழு வெளிச்சத்தில் எரிய, வைஃபை இடைவிடாது இயங்க, காணொலி விரிக்கப்பட, காற்றோட்டமற்ற பெட்டிக்குள் கைப்பேசி விரைவில் சூடேறும். சூடு கூடினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், காட்சி தடுமாறும். கோடைக் காலத்தில் முன்மூடியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துவதும், பின் உறையை நீக்குவதும் ஓரளவு உதவும். சார்ஜ் ஏற்றிக்கொண்டே விளையாடுவதைத் தவிர்க்க வேண்டும். முதல் முறை பத்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். குமட்டல் தோன்றினால் 'பழகிவிடும்' என்று தொடராமல் உடனே கழற்றிவிட வேண்டும். கியர் விஆர் கருவியை 13 வயதுக்கு உட்பட்டோர் பயன்படுத்தக் கூடாது என்றே அதன் தயாரிப்பாளர்கள் எச்சரித்திருந்தனர்.

வாங்கும் முன்

இத்துறையிலிருந்து பெருநிறுவனங்கள் விலகிவிட்டன என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் வெளியான கேலக்ஸி நோட் 10, கியர் விஆரை ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் டேட்ரீம் வியூ விற்பனையைக் கூகுள் நிறுத்தியது. அன்றாடத் தேவைக்கான போனைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கப் பயனர்கள் தயங்குகின்றனர் என்பது அந்நிறுவனம் சொன்ன காரணங்களுள் ஒன்று. 2021 மார்ச்சில் கார்ட்போர்டு விற்பனையும் நின்றது. அதன் மென்பொருள் மட்டும் 2019 முதல் திறந்த மூலமாக உள்ளது. கணினி விளையாட்டைக் கம்பியின்றிப் பெறும் வசதி இன்று மெட்டா குவெஸ்ட் போன்ற தனித்தியங்கும் ஹெட்செட்டுகளில் 'ஏர் லிங்க்' என்ற பெயரில் 2021 முதல் உள்ளது. ஆனால் அவற்றின் விலை பல்லாயிரம் ரூபாய்.

ஆகவே கட்டணச் செயலிக்குப் பணம் செலுத்தும் முன், அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பில் இயங்குகிறதா என்பதைப் பார்ப்பது அவசியம். விரைவான கைப்பேசியும் கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியும் ஏற்கெனவே இருப்பவருக்குச் சில நூறு ரூபாய் பெட்டியும் ஓர் இலவசச் செயலியும் போதிய தொடக்கம். இதற்கென்றே புதிய கைப்பேசி வாங்க எண்ணுபவர், அத்தொகையைத் தனித்தியங்கும் ஹெட்செட்டுக்குச் சேர்த்துவைக்கலாம்.