நிறுத்தும் அதிகாரம்: தங்கவயலும் டெபியனும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டது. பாறை வெடிப்பு அங்கே தீராத அச்சம். சுரங்கத்தில் ஆபத்து கண்டால் வேலையை நிறுத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தை 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அரசு ஆய்வாளருக்கு அளித்தது. மீறுவோரைத் தண்டிக்கவும் அச்சட்டத்தில் வழியிருந்தது. கூலியும் தண்டனையும் இல்லாத தன்னார்வலர் கூட்டத்தில் நிறுத்தும் அதிகாரம் எங்கே தங்கும்?

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் வரலாறு இக்கேள்விக்குத் தக்க சான்று. எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த இயலாது என்று 1998-இல் ஏற்கப்பட்ட அதன் அமைப்புச் சட்டமே கூறுகிறது. ஆகவே அதிகாரம் சிதறிக் கிடக்கிறது. ஒரு வழு வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையானது என எவரும் பதிவு செய்யலாம். பராமரிப்பாளர் அதை மறுக்கலாம். இவ்வெளியீட்டுக்கு மட்டும் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என வெளியீட்டுக் குழு விலக்களிக்கலாம். உண்மையான வலிமை இந்த விலக்கில்தான் இருக்கிறது.

விலக்கின் எல்லை எதுவரை? 2004-இல் டெபியனின் சமூக ஒப்பந்தம் திருத்தப்பட்டது. கட்டற்றதல்லாத ஆவணங்களும் மூலநிரலற்ற ஃபர்ம்வேரும் இனி வெளியீட்டைத் தடுக்கும் என்று வெளியீட்டு மேலாளர் ஆன்டனி டவுன்ஸ் பொருள் கொண்டார். திருத்தத்தைத் தள்ளிவைக்க இன்னொரு வாக்கெடுப்பு வேண்டியதாயிற்று. 'சார்ஜ்' 2005 ஜூனில் வெளிவந்தது.

2008-இல் 'லென்னி' வெளியீட்டின்போது அதே பூசல் மீண்டும் மூண்டது. ஒப்பந்த மீறல்களைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை வெளியீட்டுக் குழுவிடமே விடலாம் என்பது வாக்குச்சீட்டின் தெரிவுகளுள் ஒன்று. அதற்கு மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை வேண்டும் எனச் செயலர் மனோஜ் ஸ்ரீவஸ்தவா வகுத்தார். கடும் எதிர்ப்பு எழுந்தது; வாக்கெடுப்பு முடியுமுன்பே அவர் பதவி விலகினார். வழுக்களைப் பற்றிய சண்டை, வாக்குச்சீட்டை எழுதுவோர் யார் என்ற சண்டையாக மாறியிருந்தது. சட்ட வரலாறு படிப்போர்க்கு இது புதிதன்று.

வென்ற தெரிவோ வேறு. மீறல் என நிறுவப்படாதவரை ஃபர்ம்வேர் கோப்புகள் உரிமத்துக்கு இணங்கியவை எனக் கொள்ளலாம் என்றது அது. வெளியீட்டுக் குழுவுக்குப் புதிய அதிகாரம் எதுவும் கிடைக்கவில்லை. தடையாக எண்ணப்பட்டது தடையன்று எனப் பொருள் மட்டும் மாறிற்று. 2009 பிப்ரவரி 14 அன்று லென்னி வெளிவந்தது. ஃபர்ம்வேர்ப் பூசல் அத்துடன் ஓயவில்லை. 2022-இல் அதன் பொருட்டு மற்றுமொரு வாக்கெடுப்பு நடந்தது.