அம்மோனியா வினையூக்கியும் குவாண்டம் வேதியியலும்

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இணைந்து அம்மோனியா உருவாவதை விரைவுபடுத்தும் பொருள் அம்மோனியா வினையூக்கி எனப்படுகிறது. யூரியா முதலிய நைட்ரஜன் உரங்களுக்கு அம்மோனியாவே மூலப்பொருள். இவ்வினையூக்கி முதலில் சோதனைகளின் வழியாகவே கண்டறியப்பட்டது. அது செயல்படும் காரணத்தைக் குவாண்டம் வேதியியல் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே கணக்கிட்டு விளக்கியது.

சோதனைகளின் காலம்

1909-ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் பிரிட்ஸ் ஹேபர், ஆஸ்மியத்தைப் பயன்படுத்தி உயர் அழுத்தத்தில் அம்மோனியாவைத் தயாரித்துக் காட்டினார். ஆனால் ஆஸ்மியம் மிக அரிய உலோகம். மாற்றுப் பொருளைத் தேடிய பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஆல்வின் மித்தாஷ் குழுவினர் ஆயிரக்கணக்கான சோதனைகளைச் செய்தனர். அலுமினியம் ஆக்சைடும் பொட்டாசியம் சேர்மமும் சிறிதளவு கலந்த இரும்பு இறுதியில் தேர்வானது. 1913-இல் ஓப்பாவ் நகரில் ஆலை இயங்கத் தொடங்கியது.

கணக்கீடுகளின் காலம்

நைட்ரஜன் மூலக்கூறின் இரு அணுக்களும் வலிமையான முப்பிணைப்பால் இணைந்துள்ளன. இப்பிணைப்பு உடைவதே வினையின் மெதுவான படி என்பதைக் கெர்ஹார்ட் எர்ட்டல் இரும்புப் பரப்பில் ஆராய்ந்து நிறுவினார். திண்மப் பரப்புகளில் நிகழும் வேதிவினைகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2007-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

1964, 1965-ஆம் ஆண்டுகளில் வால்ட்டர் கோனும் அவருடன் பணியாற்றியவர்களும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டை உருவாக்கினர். இதன்படி ஒவ்வொரு எலக்ட்ரானையும் தனித்தனியே கணக்கிட வேண்டியதில்லை. எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்தே ஆற்றலை அறியலாம். இதற்காகக் கோன் 1998-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இம்முறையைக் கொண்டு டென்மார்க்கில் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழுவினர், உலோகங்கள் நைட்ரஜனைப் பற்றும் வலிமையைக் கணக்கிட்டனர். மாலிப்டினம் நைட்ரஜனை மிக இறுக்கமாகப் பற்றுவதால் அதை எளிதில் விடுவதில்லை. கோபால்ட் மிகத் தளர்வாகப் பற்றுவதால் பிணைப்பு எளிதில் உடைவதில்லை. இரும்பும் ருத்தேனியமும் இடைநிலையில் உள்ளன. கோபால்ட்டையும் மாலிப்டினத்தையும் சேர்த்தால் அந்த இடைநிலையை எட்டலாம் என்று 2001-இல் அவர்கள் விளக்கினர். கோபால்ட் மாலிப்டினம் நைட்ரைடு ஆய்வகத்தில் சிறந்த வினையூக்கியாகவும் விளங்கியது.

வரம்புகள்

இந்த நைட்ரைடின் படிகத்திலுள்ள நைட்ரஜனும் வினையில் பங்கேற்கக்கூடும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனவே உலோகப் பரப்பை மட்டும் கருதிய எளிய விளக்கம் முழுமையானதன்று. மேலும் விலை, ஆயுள், மாசுகளைத் தாங்கும் திறன் ஆகியவையும் ஆலைக்கு முக்கியம் என்பதால், பெரும்பாலான ஆலைகளில் இன்றும் இரும்பே பயன்படுகிறது. கணக்கீடு, சோதிக்க வேண்டிய பொருள்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. சோதனையின் தேவையை நீக்குவதில்லை.