கிள்ளையும் கூண்டும்

ஆண்டிபட்டியினின்று வருசநாடு நோக்கிச் செல்வார், வைகையின் தலைப்பகுதியில் காணும் ஊர் கடமலைக்குண்டு. அதனைச் சூழ்ந்த மலைச்சாரல் இலவந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. இலவங்காய் கனியுமெனக் காத்திருந்து, அது வெடித்துப் பஞ்சாகப் பறக்கக் கண்டு ஏமாந்த கிளியைப் பற்றிய பழமொழி தமிழகமெங்கும் வழங்குவது. அப்பழமொழி கிளியின் பேதைமையை நகைக்கின்றது. பழந்தமிழ்ப் பாட்டோ கிளியை நகைக்கவில்லை, உறவாகக் கொண்டது. அவ்வுறவு எத்தகையது, அதற்குக் கூண்டு இன்றியமையாததா என்று ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். கிளியை அடைத்து வளர்த்தலே தமிழர் தொன்மரபு எனக் கூறுவார் இன்றும் உளராதலின், இவ்வாராய்ச்சி வேண்டற்பாலதே.

புனத்துக் கிளி

குறிஞ்சி நிலத்தில் தினைக்கதிர் கவரும் கிளி உழவனுக்குப் பகை. அதனைக் கவணும் தட்டையும் கொண்டு ஓட்டுதல் மகளிர் தொழில். ஆயினும், ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய கிள்ளைப்பத்தில் (281–290) தலைவன் கிளியை வாழ்த்துகின்றான். கிளி வாராதாயின் தலைவி புனங்காவலுக்கு வாராள். அவள் வாராளாயின் அவனுக்குக் காட்சி இல்லை. கதிர் இழப்பவர்க்குப் பகையாகிய பறவை, காதலர்க்கு நட்பாயிற்று என்க.

செம்பியனார் பாடிய நற்றிணை 102ஆம் பாட்டு இதனினும் நுண்ணியது. தலைவி கதிரைக் கொய்த கிளியை ஓட்டவில்லை. அஞ்சாது உண்ணுமாறு கூறுகின்றாள். உண்டு முடித்தபின் தன் குறையையும் முடித்தல் வேண்டும் என்றும், தலைவனிடம் தன் நிலையைச் சொல்லுதல் வேண்டும் என்றும் இரக்கின்றாள். ஈண்டுக் கிளி எங்கும் பறந்து செல்லவல்ல பறவை. பறக்கவல்லதாதலினாலேயே அது தூதாகும் தகுதி பெற்றது. அடைபட்ட கிளி தூது செல்லுமாறு இல்லை என்பது கருதற்பாலது.

மனைக் கிளி

மனையில் பழகிய கிளியும் சங்கப்பாட்டில் உண்டு. அகநானூறு 34இல், மதுரை மருதன் இளநாகனார் ஒரு தலைவியைக் காட்டுகின்றார். அவள் கிளியை முன்கையில் ஏந்தி, பிரிந்தவர் இன்று வருவர் என்று சொல்லுமாறு, இல்லத்தார் கேளாவண்ணம் மெல்லெனப் பயிற்றுகின்றாள். பிறர்க்கு உரைக்க நாணும் துயரைக் கிளிக்கு உரைத்தாள் என்பதே அப்பாட்டின் உயிர். அக்கிளியின் கழுத்தில் செந்நிற வளையம் உண்டு என்று புலவர் குறிக்கின்றார். நாம் எங்கும் காணும் பச்சைக்கிளியினத்தில் அவ்வளையம் சேவலுக்கே உரியது. எனவே, அது சேவற்கிளி எனக் கொள்ளலாம். கிளி முன்கையில் இருந்ததென்றே பாட்டுக் கூறுகின்றது, கூண்டு கூறப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படையும் அந்தணர் மனைக்கிளி மறையோசை பயின்றதைப் பாடுகின்றது.

பிற்காலத்தில் கூண்டு தெளிவாகத் தோன்றுகின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்பது ஒன்று. அங்குக் கூண்டுகளில் வளர்ந்த கிளிகள் அம்மையின் பெயரைச் சொல்லப் பயிற்றப்பெற்றன. பின்னர்க் கிளிகள் நீங்கின. பெயர் மட்டும் நின்றது. கடமலைக்குண்டிற்குத் தெற்கே, வருசநாட்டு மலைக்கு அப்பால் உள்ள திருவில்லிபுத்தூரிலோ வேறொரு வழக்கைக் காண்கிறோம். ஆண்டாளின் இடக்கையில் அமையும் கிளி, இலைகளாலும் மாதுளம்பூவாலும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. உயிர்க்கிளியை அடைக்காமலே கிளியன்பைப் போற்றும் வழக்கு அது.

பறம்பின் பறவை

இனி, கபிலர் கிளிகளைப் பழக்கி நெற்கதிர் கொணர்வித்து, மூவேந்தர் முற்றிய பறம்பைக் காத்தார் என்னும் செய்தியை நோக்குவோம். அகநானூறு 78இல் நக்கீரர், கபிலர் சூழ்ச்சியால் சேய்மையினின்று செந்நெற்கதிர் வந்ததைக் கூறுகின்றார், பறவையைக் கூறவில்லை. 303இல் ஔவையார், பறம்பின் பறவையினம் காலையிற் சென்று மாலையில் நெல்லொடு மீண்டதைக் கூறுகின்றார். ஆங்குக் கபிலர் பெயர் இல்லை. பறவையும் கிளியன்று, 'குரீஇ' ஆகும். இரு பாட்டையும் இயைத்துக் கிளியாக்கியவர் பிற்காலத்தார். இச்செய்தியை வரலாறாகக் கொள்ளுமுன் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஆயினும், அவர்தம் உள்ளத்தையும் நாம் மறத்தலாகாது. சொல் பேசும் பறவையே நன்றியும் அறியும் என்று அவர் நம்பினர். கிளியாயினும் குரீஇயாயினும், அப்பறவை தானே சென்று தானே மீண்டது.

முடிவுரை

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நாட்டுக்கிளியைப் பிடித்தலையும் விற்றலையும் அடைத்து வளர்த்தலையும் குற்றமாக்கின. கடமலைக்குண்டுச் சாரலை அடுத்த காடுகளும் 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாயின. இதனால் தமிழர்தம் கிளியுறவு அற்றுவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை. சென்னை இராயப்பேட்டையில் ஒளிப்படக்கருவி பழுதுபார்க்கும் ஜோசப் சேகர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தம் மாடியில் ஊறவைத்த அரிசியை இட, ஆயிரக்கணக்கான கிளிகள் வந்து உண்டு பறந்தன. பல்லாண்டு அப்பணியை அவர் ஒழியாது செய்தார். அஞ்சாது உண்க என்ற நற்றிணைத் தலைவியின் சொல்லை அம்மாடியில் மீண்டும் கேட்கின்றோம். அவள் கிளியிடம் ஒரு கைம்மாறு வேண்டினாள். இவர் அதனையும் வேண்டிலர்.

ஆகவே, கிளியன்பு தமிழர்க்குத் தொன்மையானது. கூண்டோ அவ்வன்பிற்கு இன்றியமையாததன்று. பறந்து போகவல்ல கிளி மீண்டு வருதலே உறவு என்பது துணிபு.